செருமல் கேட்டும் எழாதவள்

என்னோடு படித்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மகளிர் தின மலருக்கு என் அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். ‘ஊரின் முதல் பெண் தலைவர், நமக்கெல்லாம் பெருமை’ என்று ஒருத்தி போட, அதற்குக் கீழே வரிசையாகக் கை கூப்புகிற பொம்மைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது உங்களில் யார் வீட்டில் அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தீர்கள்? என்னிடம் நாலு நல்ல வார்த்தை இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

நாம் ஏழாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. மானாவாரி மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம். தெருவெல்லாம் செடிக் குவியல், ஈர மண் வாசனை, பொழுது சாய்ந்தால் எல்லார் வீட்டிலும் பச்சை மல்லாட்டை வேகிற ஆவி. நம் எல்லாருடைய விரல் நுனியும் மண் ஏறிக் கறுத்திருக்கும். அந்த நேரத்தில்தான் பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது, நம் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்படி ஒதுக்கியது அதுதான் முதல் தடவை. டீக்கடையில் ஆண்கள் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அதில் அதிகம் இடிந்துபோனவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். தலைவராகப் போகிறோம் என்று புது வேட்டியெல்லாம் எடுத்து வைத்திருந்தார் மனிதர்.

“பொம்பளைய நிக்க வெக்கணுமாம். அடுப்பு ஊதறவளுக்கு ஆபீஸ்ல இன்னா வேல?” என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புலம்பினார். அந்தக் கூடம் அவர் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பொது, அடுக்களைதான் தனித்தனி. கூட நாலைந்து ஆண்கள். அவர்களில் ஒருவர், “உன் சம்சாரத்தையே நிக்க வெய்யேன்” என்றார்.

பெரியப்பா கையை உதறினார். “அவளா? வாயி காது வரைக்கும் இருக்குது. மேடையில ஏத்தினா எறக்க முடியாது. எந்தம்பி பொண்டாட்டிய நிக்க வெக்கலாம். அது எம்முன்னாடி வாயே தொறக்காது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒருத்தரும் கேட்கவில்லை.

சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் எல்லாவற்றையும் மறந்துவிட்ட உங்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். கணவனின் அண்ணன் மச்சாண்டார். மச்சாண்டார் முன்னால் தம்பி மனைவி உட்காரக் கூடாது. நேராகப் பேசக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. பெரியப்பா வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அதன் பிறகுதான் அவர் நிலைப்படியைத் தாண்டுவார். அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் அவரும் வரக் கூடாது. அப்படி வந்துவிட்டால் மரியாதை கெட்டுப்போவது அவருக்குத்தான்.

ஏதாவது பேச வேண்டுமென்றால் நடுவில் நான் வேண்டும். “பாப்பா, பெரியப்பாவ சாப்புட்டுப் போகச் சொல்லு” என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொல்வாள். “வேணாம், இப்பதான் சாப்புட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்பார் பெரியப்பா. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிச் சொல்லியாக வேண்டும். நான் விளையாடப் போயிருந்தால் அன்றைக்குப் பேச்சே கிடையாது.

அம்மா வாய் பேசாதவள் என்று அந்த ஆண்கள் நினைத்தார்களே, அதுதான் கூத்து. மல்லாட்டை மூட்டை எடுக்க வரும் வியாபாரி தராசில் கையை வைத்து அழுத்தினால் அவன் பரம்பரையையே இழுத்துப்போட்டுப் பேசுவாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மளிகை சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். பெரியப்பா அந்தச் சண்டைக் குரலைக் கேட்டதே இல்லை. தன் காதில் விழாததால் அப்படி ஒரு குரலே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

நோட்டீஸ் அடிக்கப் போட்டோ வேண்டும் என்று திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ஸ்டுடியோ. பவுடர் வாசனையும் புழுக்கமும். அம்மாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். பெரியப்பா கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே எடுக்கலாம் என்று முடிவானது.

“தலைய நிமித்துங்கம்மா. இங்க லென்ஸப் பாருங்க.”

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் லென்ஸோடு பெரியப்பாவின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டுடியோக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். “இன்னாங்க, தரையில எதனா தொலச்சிட்டாங்களா?” என்றார். பெரியப்பா பெருமையாகச் சிரித்தார். “எங்கூட்டுப் பொம்பளைங்க அப்பிடித்தான். நீ எடுப்பா.”

நோட்டீஸ் வந்தது. பெரியப்பா பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் தபால்தலை அளவுக்கு அம்மா, கண்ணை மூடித் தூங்குகிறவள் போல். அவள் பெயருக்கு மேலே பெரியப்பாவின் பெயர், அதன் பக்கத்தில் ‘அவர்களின் தம்பி சம்சாரம்’. சுவரில் எழுதியதும் அப்படித்தான். ஒரு நோட்டீஸைக் கணக்குப் புத்தகத்துக்குள் வெகுகாலம் வைத்திருந்தேன். அந்த மஞ்சள் தாளில் கையை வைத்தால் மை ஒட்டும். பின்னால் வீடு பிரிந்தபோது அந்தப் புத்தகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜெயித்தது அம்மா. மாலை விழுந்தது பெரியப்பாவுக்கு. வெடிச்சத்தம் கேட்டு நாமெல்லாம் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா பின்கட்டில் வந்தவர்களுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

புதிதாக ஜெயித்த பெண் தலைவர்களுக்கு விழுப்புரத்தில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபம். என்னையும் கூட்டிப்போனார்கள், நான் இல்லாமல் அவர்கள் இருவரும் எப்படிப் பேசுவார்கள்? உள்ளே நாற்காலிகளில் வெள்ளை வேட்டியாக இருந்தது. கணவன்கள், அண்ணன்கள், மாமனார்கள். வெளியே படிக்கட்டில் தலைவர்கள். மடியில் குழந்தை, கையில் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம். அதிகாரி மைக்கில், “தலைவர்கள் எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார். “வந்தாச்சு சார்” என்று ஆண்கள் கோரஸாகக் கத்தினார்கள். அவர் வெளியே இருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தார், சிரித்துக்கொண்டார், வகுப்பை ஆரம்பித்துவிட்டார். அவரை நல்லவர், கோபமே வராதவர் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு எதிரில் வந்தால் நறுக்கென்று நாலு கேட்பேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். மதியம் வரை நின்றாள். “இன்னாக்கா, உள்ள சினிமாவா காட்டறாங்க?” என்று ஒரு பெண் கேட்டதற்கு மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா திரும்பவில்லை. கூட்டத்தை யார் கூட்டுவது, தீர்மானம் எப்படிப் போடுவது, எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் கேட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியப்பா முன் சீட்டில், அவர் கண்ணில் படாதபடி நாங்கள் இரண்டு சீட் தள்ளிப் பின்னால். அம்மா என்னை முழங்கையால் இடித்தாள். “கூட்டத்தத் தலைவர்தான் கூட்டணுமாமே. நாம எப்பக் கூட்டறோம்னு பெரியப்பாவக் கேளு.”

போய்க் கேட்டேன். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்கம்மாவுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு? வூட்ட ஒழுங்காப் பாத்துக்கினு இருந்தா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்னு சொல்லு.”

வந்து சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வருகிறது என்று நினைத்தேன். அவள் கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு மாதக்கணக்கில் அதுதான் நடந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் ஒரே ஓர் அறை. ஒரு மேஜை, ஒயர் பின்னிய மர நாற்காலி ஒன்று, சுவரோரம் பெஞ்சு. நாற்காலியில் பெரியப்பா உட்காருவார். கையெழுத்து வேண்டுமென்றால் தாளை என்னிடம் கொடுத்தனுப்புவார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மிக்கு மேல் வைத்துப் போட்டுக் கொடுப்பாள். அதிகாரிகளும் ‘தலைவரே’ என்று பெரியப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் கூசாமல் திரும்பிப் பார்த்தார்.

கோடை வந்தது. கிழக்குத் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. உங்கள் அம்மாக்களில் பாதிப் பேர் அந்தத் தெருதான், மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிக்கரை தாண்டி இருந்த பாசனக் கிணற்றுக்கு இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மோட்டார் ஓடும்போது போனால்தான் தண்ணீர். கிணற்றுக்காரன் வாயில் வந்ததைப் பேசுவான். பிள்ளை பெற்று மாதம்கூட முடியாத ஒருத்தி அந்த வரப்பில் குடத்தோடு விழுந்து படுத்த படுக்கையானாள். அந்த நேரத்தில்தான் ஊருக்கு ஒரு போர், ஆழ்துளைக் கிணறு, போட அனுமதி வந்தது. கிழக்குத் தெரு முனையில் போட்டால் எல்லாருக்கும் ஆகும். பெரியப்பா தன் மாந்தோப்பு ஓரத்தில் இடம் குறித்துவிட்டார்.

அந்தத் தீர்மானத்தாளை நான்தான் அடுக்களைக்குக் கொண்டுபோனேன். அம்மா வழக்கம்போல அம்மிமேல் வைத்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“பெரியப்பாகிட்ட சொல்லு. இது கூட்டத்துல பேசிப் போட வேண்டியது. கூட்டத்துல போடறேன்.”

கூடத்திலிருந்த பெரியப்பா நான் சொல்லும் வரை காத்திருந்தார். பிறகு சிரித்தார். “சனிக்கெழமைதான் கூட்டம். அங்க எங்க வந்து நிப்பாளாம் உங்கம்மா? நான் இருப்பேனே. கேளு.”

அவர் சிரித்ததில் தப்பில்லை. அவர் இருக்கும் அறைக்குள் அவள் எப்படி வருவாள்?

சனிக்கிழமை காலை அம்மா சமையலைச் சீக்கிரம் முடித்தாள். அரக்கு நிறப் புடவை கட்டினாள். “வா” என்று என் கையைப் பிடித்தாள். நடுத்தெருவில் நடந்தோம். ஆபீஸை அப்போதுதான் திறந்து பெருக்கிக்கொண்டிருந்த எழுத்தர், அம்மாவைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டார். “இன்னாங்கம்மா, அய்யா வரலீங்களா?”

“தலைவர் வந்துட்டேன். மேசையத் தொடைங்க” என்றாள் அம்மா.

நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் நுனியில்தான் உட்கார்ந்தாள், எனக்கு நினைவிருக்கிறது. பிறகு நகர்ந்து முதுகைச் சாய்த்தாள். ஒயர் கிறீச்சிட்டது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு அவள் எழுந்துவிட்டால் அப்புறம் சாகும்வரை அம்மிமேல்தான் கையெழுத்து. கிழக்குத் தெருவுக்குத் தண்ணீரும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். எனக்குப் பெரியப்பா திட்டுவாரே என்ற பயம் மட்டும்தான்.

பெரியப்பா மொபெட்டில் வந்தார். பின்னாலேயே வார்டு உறுப்பினர்கள். வண்டியை நிறுத்தியவர் கதவுக்கு நேராக வந்தவுடன் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்துவிட்டது. சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

அம்மா எழவில்லை.

இன்னொரு தடவை செருமினார். சத்தமாக. ஊரே கேட்டிருக்கும். அம்மாவின் கை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தது, அவ்வளவுதான். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, நேராகப் பேசவில்லை. ஆனால் எழவும் இல்லை.

“பாப்பா, பெரியப்பாவ உள்ள வரச் சொல்லு. தலைவர் கூப்புடறாங்கன்னு சொல்லு.”

போய்ச் சொன்னேன். பெரியப்பாவின் காது மடல் சிவந்துபோனது. “உங்கம்மாவ ஜல்தியா வெளிய வரச் சொல்லு.”

“கூட்டம் முடிச்சிக்கினு வர்றேன்னு சொல்லு.”

“ஊரு சிரிக்கிறதுக்குள்ள வரச் சொல்லு.”

“உள்ள வர வேணாம்னு யாரு சொன்னா, பெரியப்பாவுக்கு பெஞ்சுல எடம் இருக்குதுன்னு சொல்லு.”

செருப்பில்லாத காலோடு அந்தக் கொதிக்கிற மண்ணில் இப்படியும் அப்படியும் ஓடினேன். எழுத்தர் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவர் போல் குனிந்துகொண்டார். உறுப்பினர்கள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே போனால் தம்பி மனைவி முன்னால் கைகட்டி நின்றவன் என்ற பேர். போகாவிட்டால் கூட்டமே இல்லை. ஊரையே விரலசைவில் வைத்திருந்த மனிதர் புங்கமரத்தடியில் போய் நின்றார்.

அங்கிருந்து ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். புருஷன் உள்ளே போவதை எந்த வழக்கமும் தடுக்காதே.

அப்பா வயலிலிருந்து புழுதிக் காலோடு வந்தார். “அண்ணன் வெளியில நின்னுக்கினு இருக்காரு. ஏந்துரு” என்றார்.

“வெளியில நிக்கச் சொல்லி நான் சொல்லலியே. உள்ள வரச் சொல்லுங்க.”

“நீ குந்திக்கினு இருந்தா அவரு எப்பிடி வருவாரு?”

“இது தலைவர் குந்தற எடம். வேற யாரு குந்துவா?”

அப்பா அவளைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். எல்லார் முன்னாலும் தோளில் இருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். “என்ன உயிரோட பொதைச்சிட்ட” என்றார். அம்மா மேஜைமேல் இருந்த சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். எழவில்லை.

அன்றைக்கு எனக்கு அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இப்படி ஒரு சாதுவை அழவைக்கிறாளே என்று அம்மாமேல் ஆத்திரம் வந்தது. ஊரும் அதையேதான் சொன்னது. நாற்பதைத் தாண்டிய பிறகு, நானும் ஒரு சாதுவோடு குடித்தனம் செய்துவிட்டுச் சொல்கிறேன். அந்தக் கண்ணீர் ஓங்கின கையைவிடக் கொடுமை. அண்ணனிடம் போய், ‘அவள்தான் ஜெயித்தாள், அவள் உட்காரட்டும்’ என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. சாகும்வரை வரவில்லை. அவரை நான் மன்னிக்கவும் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒன்றிய ஆபீஸிலிருந்து ஜீப் வந்தது. இறங்கிய ஓவர்சியர், “இன்னிக்குத் தீர்மானம் கைக்கு வரலன்னா போர் வண்டி அடுத்த ஊருக்குப் போயிடும். யாருங்க தலைவர்?” என்றார். புங்கமரத்தடியில் பெரியப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நான்தான் சார் தலைவர். உள்ள வாங்க.”

தலைமை ஆசிரியர் மணி அடித்த மாதிரி இருந்தது அது. கிழக்குத் தெரு வார்டுக்காரி ஒருத்தி முதலில் படி ஏறினாள். போர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பெரியப்பாவின் கண்ணில் படாமல் உள்ளே வந்தார்கள். கிழக்குத் தெரு முனை என்று தீர்மானமானது. அம்மா மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். முடிந்ததும் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், மச்சாண்டாருக்கு எதிரில் வரக் கூடாதே என்று. அத்தனைக்குப் பிறகும் அந்த மரியாதையை அவள் விடவில்லை.

போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. உங்கள் அம்மாக்கள் கைப்பம்பில் அடித்து அடித்துப் பிடித்தார்கள். அந்தப் பம்படியில் நின்றுகொண்டே பேசினார்கள். ‘மச்சாண்டார் வந்தும் எழாதவள் எதுக்குத்தான் துணிய மாட்டா?’ என்றார்கள். அம்மாவுக்கும் எழுத்தருக்கும் முடிச்சுப் போட்டார்கள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நடுங்கிய அந்தப் பிள்ளை ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போனான். எங்கள் கூடத்துக்கு நடுவில் சுவர் எழும்பியது. அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கினார், அந்தப் பக்கம்தான் சாப்பிட்டார். ஆண் உறுப்பினர்கள் அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அம்மா போய் நாற்காலியில் உட்காருவாள், பொழுதெல்லாம் காத்திருப்பாள், ஆள் சேராமல் திரும்புவாள். மிச்ச வருஷங்கள் இப்படியே போயின. பிறகு, ‘பொம்பள தலைவரா இருந்து ஊருக்கு இன்னா கிழிச்சா?’ என்று கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டுக் குடத்தில் அந்தப் போர்த் தண்ணீர்தான் இருந்தது.

அடுத்த தேர்தலிலும் பதவி பெண்களுக்கே வந்தது. பெரியப்பா தன் தப்பைத் திருத்திக்கொண்டார். சொந்தப் பெண்டாட்டியையே நிறுத்தினார். புருஷன் நுழைய முடியாத அறை எங்கே இருக்கிறது? காது வரைக்கும் வாய் உள்ளவள் என்று அவர் பயந்த பெரியம்மா, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் வாயெல்லாம் எங்களிடம்தான். அன்றிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்க இந்த வித்தையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம்கூட எனக்கு ஒரு போன். “தலைவர் பேசறேங்க” என்றது ஓர் ஆண் குரல். நம்மோடு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இப்போது தலைவராம், பேசியது அவள் வீட்டுக்காரர். மலருக்குக் கட்டுரை முதலில் கேட்டதும் அவர்தான். அவளிடம் கொடுங்கள் என்றேன். மாவு அரைக்கப் போயிருக்கிறாள் என்றார். மூன்றாம் பெஞ்சுக்காரியே, நீயும் இதைப் படிப்பாய், படி.

பெரியம்மா ஜெயித்த பிறகு வந்த மே தினம். பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. நான் பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். பந்தலுக்குக் கீழே மேஜை, தலைவர் நாற்காலியில் பெரியப்பா. தரையில் ஜமுக்காளத்தில் ஊர். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்களோடு ஓரமாக நின்றாள். பெரியப்பா பேசத் தொடங்கியதும் அவள் பந்தலுக்குள் நடந்து போனாள். மேஜைக்கு முன்னால் நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை.

“மாமா, தலைவர் எங்க?”

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினாள். பெரியப்பாவுக்கு அவளை எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். “பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு...”

“அவங்க உங்களத்தான் கேக்கறாங்க பெரியப்பா” என்றேன்.

யாரோ ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அந்தக் கையோடு வந்தாள். நேராக நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“உனக்கு இன்னாடி வந்துச்சு? என் ஊட்டுக்காரரு குந்திக்கினு இருந்தா உனக்கு எங்க வலிக்குது?”

கூட்டம் சிரித்தது. ஜமுக்காளத்தில் உங்கள் அம்மாக்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள்.

“எனக்கு வலிக்கல அக்கா. ஜெயிச்சவ நீ நின்னுக்கினு இருக்கியே, உனுக்குக் கால் வலிக்கலியா?”

பெரியம்மா பதிலுக்கு வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். பெரியப்பா மேஜைமேல் இருந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார், எழவில்லை. அவள் கையிலிருந்த மாவைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.